பிள்ளைக்குக் குடும்பப் பெயர் வைப்பதா, இனிஷியலே போதுமா?

கிருஷ்ணகிரி_மாங்கா:
போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. பெயர் முடிவாகிவிட்டது, அதில் சண்டை இல்லை. பெயருக்குப் பின்னால் என்ன வரவேண்டும் என்பதில்தான் வீட்டில் இழுபறி. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, நம்மாட்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான். அமெரிக்க விசா வாங்கினபோது இருக்கிற ஒரே பெயரைத் தூக்கி சர்நேமில் போட்டு, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று அடித்துவிட்டார்கள், முதற்பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தமாம். அங்கே போய் இறங்கினால் ‘டியர் ஃபனு’ என்று மெயில் வருகிறது. அதனால் பிள்ளைக்காவது நிரந்தரமாக ஒரு குடும்பப் பெயர் வைத்து, இனிமேல் தலைமுறை தலைமுறையாக அதையே கொண்டுபோகலாம் என்று பார்க்கிறேன். தாத்தா பெயர் வேடியப்பன், அதையே வைக்கலாமா? வீட்டம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

தகடூரான்:
வாழ்த்துகள் தம்பி. வீட்டம்மா பேச்சைக் கேள். பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாமல் இருப்பது நமக்குக் குறை இல்லை, பாடுபட்டு வாங்கியது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள், பெரியாரும் தன் பெயரில் இருந்த நாயக்கரை எடுத்தார். வடக்கே ஒருத்தர் முழுப் பெயரைச் சொன்ன உடனே எதிரில் இருப்பவர் மனசுக்குள் சாதிக்கணக்கு போட்டு முடித்துவிடுகிறார். தர்மபுரிக்காரன் கே. முனியப்பன் என்று சொன்னால் என்ன தெரியும்? அப்பா பெயர் ‘கே’யில் ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். எவனோ ஒரு ஊர் விசா அதிகாரி கட்டம் போட்டு வைத்திருக்கிறான் என்பதற்காக நாம் போய் அதில் உட்காரவேண்டுமா?

ஓசூர்_பனி:
தகடூரான் அண்ணா, முனியப்பன் என்ற பெயரை வைத்தே பாதியைச் சொல்லிவிடுவார்கள், மீதியை “எந்தக் கொட்டாய்?”, அதாவது எந்தக் குடியிருப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். சர்நேம் இல்லாததால் சாதி தெரியாமல் போன ஒரே ஒரு ஊரை நம் இரண்டு மாவட்டத்தில் காட்டுங்கள், நான் பேசாமல் இருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தெலுங்கு. எங்களுக்கு இண்டிபேரு என்று ஒன்று உண்டு, வீட்டுப் பெயர், அது முன்னால் வரும். என்.டி. ராமாராவில் முதல் ‘என்’ நந்தமூரி, அதுதான் இண்டிபேரு. கல்யாணப் பேச்சு எடுத்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே முடிந்தது. எங்கள் தாத்தா ஓசூரில் அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது எல்லாரையும் போல அப்பா பெயரை மட்டும் இனிஷியலாக எழுதிவிட்டார். இப்போது சித்தூர் பக்கம் இருக்கிற பங்காளிகளுக்கு ஒரே வீட்டுப் பெயர், நாங்கள் மட்டும் தலைமுறைக்கு ஒரு எழுத்து. அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, என் பையனுக்கு ஒன்று. ஒரே குடும்பம் என்று காகிதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மாங்கா தம்பி, தாராளமாக வையுங்கள்.

பாலக்கோடு_தக்காளி:
சாதி, அமெரிக்கா எல்லாம் இருக்கட்டும், எங்கள் கஷ்டமே வேறு. எங்கள் ஊரில் ‘மாது மகன் முனியப்பன்’ மூன்று பேர். பட்டாவிலும் தகப்பன் பெயர் அதேதான். ஒருத்தர் வாங்கின பயிர்க்கடனுக்கு இன்னொருத்தர் வீட்டில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள், அந்த மனுஷன் கடன் வாங்கவே இல்லை என்று நிரூபிக்க நடையாய் நடந்தார். ஊருக்குள்ளே குழப்பமே கிடையாது, ஒருத்தர் மேட்டுக்கொட்டாய் முனியப்பன், ஒருத்தர் கிணத்துக்கொட்டாய், இன்னொருத்தர் மிலிட்டரி. தபால்காரருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியாது.

மாது என்றதும் இன்னொன்று. அப்பாவைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், சீட்டு போடுகிற பெண் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘பெண்’ என்று அடித்துவிட்டது. மாதேஸ்வரன் மலை சாமி பெயரம்மா, எங்கள் பக்கம் ஆம்பளைக்கு வைப்பது என்று விளக்கவேண்டியதாகிவிட்டது. மீசையைப் பார்த்திருந்தாலே போதும்.

அரூர்_டீச்சர்:
தக்காளி அண்ணா சொன்ன மேட்டுக்கொட்டாய் இருக்கிறதே, அதுதான் ஜப்பானில் சர்நேம். தனாகா என்றால் வயல் நடுவில், யமாமோட்டோ என்றால் மலையடி. ஊரில் ஆளை அடையாளம் சொல்ல வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் தானாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்காதீர்கள். எல்லாரும் கட்டாயம் குடும்பப் பெயர் வைக்கவேண்டும் என்று அங்கே அரசாங்கம் சொன்னது 1875ல், 1870 வரைக்கும் சாதாரண ஜனங்கள் அதை அதிகாரப்பூர்வமாகப் போட்டுக்கொள்ளவே முடியாது. தாய்லாந்தில் 1913ல் ராஜா சட்டம் போட்டார். துருக்கியில் 1934ல் சட்டம் வந்துதான் அங்கே அதிபராக இருந்த முஸ்தபா கெமாலுக்கே அதாதுர்க் என்ற சர்நேம் வந்தது. பிலிப்பைன்ஸ் கதை இன்னும் வேடிக்கை: 1849ல் ஸ்பானிய கவர்னர் கிளாவெரியா பெயர்ப் பட்டியலைப் புத்தகமாகவே போட்டு மாகாணங்களுக்கு அனுப்பினார், அதிகாரிகள் ஊருக்குச் சில பக்கம் என்று பிரித்துக் கொடுத்ததில் சில ஊர்களில் ஊர் முழுக்க ஒரே எழுத்தில் சர்நேம். வரி வசூலிக்கவேண்டும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவேண்டும், அதற்கு ஆளை நழுவவிடாத ஒரு பெயர் வேண்டும். பாரம்பரியம் என்று நாம் பெருமூச்சு விடுகிற நிறைய சர்நேம் ரிஜிஸ்டருக்காகப் பிறந்ததுதான்.

தகடூரான்:
டீச்சர் என் பக்கம் வந்துவிட்டார், நன்றி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையற்காரர். ஸ்மித் மகன் பாங்க் வைத்தான், பாதிரியார் ஆனான், யாருக்கு வேண்டுமானாலும் பெண் கொடுத்தான், கடைசியில் ஸ்மித் வெறும் சத்தமாகிவிட்டது. இங்கே தொழிலைப் பெயரில் ஒட்டினால் சத்தமாக மாறாது, சங்கிலியாக மாறும். அதனால்தான் கழற்றினோம்.

ஓசூர்_பனி:
அண்ணா, அவர் தொழிலையா வைக்கப்போகிறார்? தாத்தா பெயரைத்தானே வைக்கிறார். அப்புறம், ரிஜிஸ்டருக்காகப் பிறந்தது என்பதால் தப்பாகிவிடுமா? ரேஷன் கார்டும் ரிஜிஸ்டருக்காகப் பிறந்ததுதான், கிழித்துப் போட்டுவிடுகிறீர்களா?

2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் பரவாயில்லை என்று அப்புறம் விளக்கம் கொடுத்தார்கள், அதற்குள் எங்கள் தெருவில் ஒரு பையன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான். கொள்கை பேசுகிறவர்கள் அந்த டிக்கெட் காசைக் கொடுப்பார்களா?

நீங்கள் வைக்காவிட்டாலும் அது தானாக வந்து உட்கார்ந்துவிடும். சுந்தர் பிச்சை இங்கே பி. சுந்தரராஜன், பிச்சை அவர் அப்பா பெயர். அங்கே போனதும் அது குடும்பப் பெயராகிவிட்டது. கமலா ஹாரிஸின் அம்மா சியாமளா கோபாலன், அந்தக் கோபாலனும் அப்பாதான். வெளியூர்க் கணக்குப்பிள்ளை எதை எடுப்பான் என்று அவனிடம் விடுவதைவிட நாமே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது மேல்.

அரூர்_டீச்சர்:
நான் யார் பக்கமும் வரவில்லை தகடூரான் சார். நீங்கள் இனிஷியலைச் சுதந்திரம் மாதிரிப் பேசுகிறீர்கள், அது ஆம்பளைகளுக்கு. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா எழுத்து, கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் எழுத்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று கையெழுத்து வாங்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அவர் பெயர் பிறந்ததிலிருந்து அப்படியே இருக்கிறது.

ஐஸ்லாந்தைப் பாருங்கள். நம்மைப் போலத்தான், பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு பையன் என்றால் ‘சோன்’, பெண் என்றால் ‘தோத்திர்’. பிரதமராக இருந்த கத்ரின் யாகோப்ஸ்தோத்திர், யாகோப்பின் மகள். தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதற்பெயர் வரிசையில்தான் போட்டார்கள். கல்யாணம் ஆனால் பெண் பெயர் மாறாது, ஏனென்றால் அவள் யாகோப்பின் மகளாக இருப்பதில் எந்த மாற்றமும் இல்லையே! அம்மா பெயரையும் வைத்துக்கொள்ளலாம், ஹெய்தார் ஹெல்குசோன் என்று ஒரு கால்பந்து வீரர், ஹெல்கா அவர் அம்மா. இனிஷியல் வேண்டும் என்றால் இப்படி வேண்டும் என்று கேளுங்கள்.

ஓசூர்_பனி:
அந்த ஐஸ்லாந்துக்காரர்கள் வெளிநாட்டுக்குப் போனால் அப்பா ஒரு பெயர், அம்மா ஒரு பெயர், பிள்ளைகள் வேறு வேறு பெயர், கவுன்டரில் அவர்களுக்கும் இதே பஞ்சாயத்துதான் டீச்சர்.

பாலக்கோடு_தக்காளி:
அப்போ எல்லாருமே ஃபனுதான்.

தகடூரான்:
மாங்கா தம்பி, வேடியப்பன் என்று வைக்கும் முன் அது என்ன என்று தெரிந்துகொண்டு வை. செங்கம், தர்மபுரிப் பக்கம் நடுகல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். மாடு கவர்கிற சண்டையில் செத்த ஒருத்தனுக்கு நட்ட கல். எங்கள் ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது, ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், மேலே வட்டெழுத்து, பழைய காலத்துத் தமிழ் எழுத்து. இந்த மாதிரிக் கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் பெயர் என்ன, யாருடைய சேவகன் என்று எழுதியிருப்பார்கள். அவனுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இருந்தது, படிக்கத் தெரியாமல் எண்ணெய் ஊற்றி ஊற்றி அத்தனை பேரையும் வேடியப்பன் ஆக்கிவிட்டோம். இப்போது நீ உன் பேரப்பிள்ளைகள் வரைக்கும் அதையே ஒட்டப்போகிறாய். அதுவும் நம்ம பக்கத்து ஆளுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ஊர் தெரியும், குலசாமி தெரியும், குலசாமி தெரிந்தால் மீதியும் தெரியும்.

ஓசூர்_பனி:
குலசாமி தெரிந்தால் தெரியட்டுமே, ஏன் ஒளிக்கவேண்டும்? ஒளித்து ஒளித்துத்தான் கேட்கிறவனுக்குத் தைரியம் வருகிறது.

தகடூரான்:
ஒளிக்கவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டு வந்து சொல்லம்மா.

அரூர்_டீச்சர்:
சண்டை போதும். மாங்கா தம்பி, முதலில் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம், பதினைந்து வருடம் வரை விடுவார்கள். அவசரப்பட்டு எதையாவது எழுதிவிட்டுப் பிறகு திருத்தப் போனால்தான் கொடுமை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: சான்றிதழ், ஆதார், பள்ளி மூன்றிலும் ஒரே மாதிரி எழுத்துக்கூட்டலோடு முழுப் பெயராக எழுதுங்கள், எங்கேயும் ஒற்றை எழுத்து வேண்டாம். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள், விரித்து எழுதச் சொல்வார்கள், கடைசிப் பெயர் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது.

கிருஷ்ணகிரி_மாங்கா:
எல்லாருக்கும் நன்றி. இந்தப் பக்கத்தை வீட்டம்மாவிடம் காட்டினேன். மேலிருந்து கீழ் வரைக்கும் படித்துவிட்டு, கட்டம்தானே காலியாக இருக்கக்கூடாது, அதில் தன் பெயரைப் போடச் சொல்கிறார். அப்பா பெயருக்குத்தான் பாஸ்போர்ட் இரண்டாம் பக்கத்தில் தனியாக இடம் இருக்கிறதாம்! எனக்கு மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், வேடியப்பன் அவருக்கு மாமனார் இல்லையா.

தகடூரான்:
நல்ல முடிவு. சாதியும் இல்லை, சங்கிலியும் இல்லை.

ஓசூர்_பனி:
இதற்குப் பெயர் குடும்பப் பெயர் இல்லை, பெண் வழி இனிஷியல். ஒரு தலைமுறையோடு சரி. ஆனால் கட்டம் நிரம்பியது, துபாய்க்காரன் விடுவான். எனக்கு அதுவே போதும்.

பாலக்கோடு_தக்காளி:
டீச்சர், பட்டாவில் பெயருக்கு முன்னால் கொட்டாய் பெயரைச் சேர்க்கமுடியுமா? யாரிடம் மனு கொடுப்பது?

அரூர்_டீச்சர்:
தாலுகா ஆபீஸில் தாசில்தார் பெயருக்கு எழுதிக்கொடுத்துக் கேட்டுப் பாருங்கள் அண்ணா. மறக்காமல் சர்வே எண்ணையும் ஆதார் எண்ணையும் போடுங்கள், இல்லையென்றால் மிலிட்டரி முனியப்பன் பட்டா மாறிவிடப் போகிறது.