இலங்கைத் தமிழ் அகதி முகாமில் பிறந்தவர்கள்: இந்தியக் குடியுரிமை கேட்டுப் போன அனுபவம் உண்டா?

மண்டபத்தான்:
அக்கா பிறந்தது 1986, நான் 1988. இரண்டு பேரும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோம். மண்டபம் அகதி முகாமில் 1986-ல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்னதே, அதை நம்பித்தான் நாங்களும் போனோம். கவுண்டரில் இருந்தவர் இரண்டு பிறப்புச் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அக்காவுடையதை எடுத்துக்கொண்டு என்னுடையதை என் பக்கம் தள்ளினார். "1987 ஜூலை 1-க்கு அப்புறம் பிறந்திருக்கீங்க தம்பி. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தராவது இந்தியரா?" இல்லை என்றேன். உடனே அக்கா, "என் பேப்பரையும் குடுங்க சார், தம்பிக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கரையோரம்:
அந்தத் தேதி அஸ்ஸாமுக்காக வந்தது. வங்கதேசத்தவர் குடியேற்றத்தை எதிர்த்து அங்கே நடந்த போராட்டம், அதை முடிக்க 1985 ஒப்பந்தம், அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டத் திருத்தம். அதில் நாம் மாட்டிக்கொண்டோம். எங்கள் வீட்டுக் கதையும் இதேதான். நான் 1990-ல் படகில் வந்தவன், மனைவி மதுரைக்காரர். மகன் 2003-ல் பிறந்தான், மகள் 2006-ல். வக்கீல், "அம்மா இந்தியர் என்பதால் மகன் இந்தியக் குடிமகன். மகளுக்கு அது போதாது" என்றார். 2004 டிசம்பர் 3-லிருந்து பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை இல்லையாம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் அம்மா பிள்ளை இல்லையா அங்கிள்?" என்று அவரிடமே கேட்டாள்.

நீலக்குயில்:
கரையோரம் அண்ணா, அஸ்ஸாமுக்காக என்று முடித்துவிடாதீர்கள். 1986 திருத்த மசோதாவின் நோக்க அறிக்கையிலேயே வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரும் இருக்கிறது. நம்மை மனதில் வைத்தே எழுதினார்கள். 1950 ஜனவரி 26-லிருந்து இந்த மண்ணில் பிறந்தாலே போதும் என்றிருந்த சட்டம், நாம் உயிர் பிழைக்க ஓடி வந்த காலத்தில் மாறியது. அது எனக்கு ஆறவே இல்லை.

என் கதை சின்னது: அண்ணன் 1985-ல் பிறந்தவர், பிறப்பைப் பதிவு செய்யாததால் அலைந்துகொண்டிருக்கிறார். அதனால் சொல்கிறேன், 1987 ஜூலைக்கு முன் பிறந்த எல்லாரும் முதலில் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்குங்கள். முகாம் அட்டையில் இருக்கும் வயதை மட்டும் நம்பாதீர்கள். பதிவு இல்லை என்றால் பிறந்த ஆஸ்பத்திரியின் பழைய பிரசவப் பதிவேட்டை நகலெடுத்து, தாமதப் பதிவுக்கு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் மனு கொடுங்கள். பெயரில் இனிஷியல் மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள். மனுவோடு 2022 தீர்ப்பின் நகலையும் வையுங்கள். வாயால் "முடியாது" என்றால் திரும்பி வராதீர்கள், எழுதிக் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால்தான் நீதிமன்றத்தில் காட்ட முடியும்.

மண்டபத்தான்:
நன்றி. ஆனால் இதெல்லாம் அக்காவுக்குத்தானே உதவும்? 1988-ல் பிறந்தவன் எங்கே மனு கொடுப்பது?