அப்பா உயில் எழுதுவதா, இப்போதே செட்டில்மென்ட் செய்வதா?

வாய்க்கால்கரை விவசாயி:
கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 84 வயது, அம்மாவுக்கு 79. கொடிவேரித் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. அதில் இரண்டு ஏக்கர் 1971-ல் அப்பாவும் பெரியப்பாவும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையில் வந்த பூர்வீகம். ஒரு ஏக்கர் அப்பா மில் வேலையில் சேர்த்த காசில் வாங்கியது. குடியிருக்கும் வீடு, அம்மா தன் நகையை விற்றுத் தன் பெயரில் கிரயம் செய்தது. அக்காவுக்கு 1987-ல் கல்யாணம் ஆனது. தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான். வயலை நான்தான் பார்க்கிறேன்.

"அண்ணனுக்கும் எனக்கும் இப்பவே செட்டில்மென்ட் எழுதிடுங்கப்பா, செலவும் கம்மி" என்கிறான் தம்பி. அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. எங்கள் வீதியில் ஒரு பெரியவர் எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, இப்போது மாத்திரைக்குக்கூடக் கை நீட்டுகிறார். "எழுதிக் குடுத்துட்டா அப்புறம் இந்த வீட்டுல நான் யாரு?" என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்று. 89-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். அது சரியா? அக்காவை விட்டுவிட்டு எதுவும் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பத்திர எழுத்தர்:
அக்கா விஷயத்தில் ஊர் சொல்வது பழைய சட்டம். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்குள் கல்யாணம் ஆகிவிட்ட பெண்களைச் சேர்க்கவில்லை. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே பூர்வீக இரண்டு ஏக்கரில் அப்பா, அக்கா, நீங்கள், தம்பி என்று நான்கு பங்கு, ஆளுக்கு 50 சென்ட். தன்னுடைய 50 சென்டுக்கும், சொந்தமாக வாங்கிய ஒரு ஏக்கருக்கும் மட்டுமே அப்பா உயில் எழுதலாம். வீடு அம்மாவுடையது. அதற்கு அம்மாதான் தனியாக எழுத வேண்டும்.

செலவு பற்றித் தம்பி சொல்வது சரிதான். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. ஆனால் பதிந்த அன்றே சொத்து கை மாறிவிடும். மனம் மாறினால் அப்பாவே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படி இல்லை. அவர் காலத்துக்குப் பிறகுதான் அது பேசும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். வெள்ளைத்தாளே போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் 84 வயதில் எழுதுகிறார், பதிந்துவிடுங்கள் என்பேன். இரண்டு சாட்சிகளும் அப்பாவைவிட இளையவர்களாக, பங்கில் சேராதவர்களாக இருக்கட்டும். நாளை வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும்.

மேட்டூர்க்காரி:
என் அப்பா 2016-ல் தம்பிக்குச் செட்டில்மென்ட் எழுதினார். "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று ஒரு வரி இருந்தது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரி இல்லை. தம்பி கைவிட்டதும் மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தோம். அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யலாம். ஆனால் பராமரிப்பு நிபந்தனை எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். எட்டு மாதம் அப்பாவை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உங்கள் அப்பா செட்டில்மென்ட்தான் என்று முடிவெடுத்தால், தனக்கும் அம்மாவுக்கும் ஆயுள்கால அனுபவ உரிமை, பராமரிப்பு நிபந்தனை, இரண்டையும் எழுதாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

வாய்க்கால்கரை விவசாயி:
இரண்டு பதில்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப உயிலே எழுதறேன்" என்றார். அக்காவுக்கு அவரே போன் போட்டு 50 சென்ட் கணக்கைச் சொன்னார். அக்கா பதில் சொல்லாமல் அழுதது எனக்கும் கேட்டது. தம்பி மூன்று நாளாகப் பேசவில்லை. பொங்கலுக்கு வரும்போது நேரில் பேசுவேன்.

இன்னொரு சிக்கல்: வயலுக்குப் பெரியப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாதான் இன்னும் இருக்கிறது. 1971 பத்திரத்தின் அசலும் அவர் வீட்டில். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் உயில் எழுத வேண்டுமா, சர்வே எண்ணைப் போட்டு இப்போதே எழுதலாமா?

பத்திர எழுத்தர்:
இப்போதே எழுதுங்கள். பட்டாவுக்காக உயிலைத் தள்ளிப்போட வேண்டாம். பத்திர எண், சர்வே எண், நான்கு எல்லை மூன்றையும் குறிப்பிட்டால் போதும். 1971 பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் மனு போடுங்கள். உட்பிரிவு மனு அது பாட்டுக்கு நடக்கட்டும்.