சுகர் இருந்தா தடுப்பூசி போடக்கூடாதுன்னு யாரு சொன்னா?

சாரல்காத்து:
நேத்து ராத்திரி எங்க தெரு குரூப்ல ஒரு வாய்ஸ் வந்துச்சு. போட்டது கோட்டைவாசல் செல்வி அக்கா, அவங்க இங்கயும் இருக்காங்க, அதனால மறைச்சுப் பேச வேண்டியதில்ல. "சுகர் இருக்கவங்க யாரும் ஃப்ளூ ஊசி போட்டுராதீங்க, எங்க அத்தைக்குப் போட்ட மறுநாளே சுகர் 280க்கு ஏறிட்டு"ன்னு சொல்லுதாங்க. அவ்வளவுதான், காலையில எங்கம்மா மாத்திரை டப்பாவ மடியில வச்சுக்கிட்டு "நான் ஊசிக்கு வரலப்பா"ன்னுட்டா. மூணு மாசமா கெஞ்சி ஒத்துக்க வச்சிருந்தேன், ஒரு நிமிச வாய்ஸ்ல எல்லாம் போச்சு.

எங்கப்பா 2019 ஐப்பசி மழையில சாதாரணக் காய்ச்சல்னு படுத்தாரு, நாலாம் நாள் நிமோனியான்னுட்டாங்க, 17 நாள் ஆஸ்பத்திரில கெடந்தாரு, சுகர் 400ஐ விட்டு எறங்கவே இல்ல. வீட்டுக்கு வந்தாரு ஆனா பழைய ஆளா வரல, பண்பொழி மலைக்கு நடந்தே ஏறுன மனுசன் வாசப்படி எறங்க சுவரப் பிடிக்காரு. பத்து வருசமா மாசாமாசம் சுகருக்குக் காட்டுன டாக்டர் ஒருத்தர்கூட ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் ஊசி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அந்த ஆத்தாமை இன்னும் தீரல. அதனாலதான் கேக்கேன், இப்படி ஒரு வாய்ஸ் போடுததுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமாக்கா?

கோட்டைவாசல் செல்வி:
தம்பி, வாய்ஸ் போட்டது நான்தான், அதுல ஒரு பொய் கெடையாது. செவ்வாக்கெழம சாயங்காலம் ஊசி, புதங்கெழம காலையில 280. எங்க அத்தைக்கு 150 தாண்டுனது கெடையாது. கண்ணால பாத்தத சொன்னா தப்பா? உங்கப்பாவுக்கு நடந்ததுக்கு வருத்தந்தான், அதுக்காக 280 இல்லன்னு ஆயிருமா?

பழைய லேப்காரன்:
யம்மா செல்வி, நான் 31 வருசம் ரத்தம் எடுத்த கை, கேக்கதுக்குப் பதில் சொல்லு. அந்த 280 லேப்ல எடுத்ததா, வீட்டு மீட்டர்ல எடுத்ததா? வெறும் வயித்துலயா, காப்பி குடிச்ச பொறவா? குத்துததுக்கு முன்னாடி கைய தண்ணில கழுவுனாவளா?

கோட்டைவாசல் செல்வி:
வீட்டு மீட்டர்தான். வெறும் வயிறு. ஸ்பிரிட் பஞ்சு வச்சு நல்லா தொடச்சிட்டுத்தான் குத்துனேன், எனக்கும் தெரியும்.

பழைய லேப்காரன்:
பஞ்சு வச்சுத் தொடச்சா போதாது தாயி. நீயே முந்தாநாள் சமையல் பகுதில எழுதிருக்க, "அத்தை காலையிலேயே வருக்கைச் சக்கைய வெட்டி சுளை பிரிச்சுத் தந்தாவ, பாயாசம் வச்சேன்"னு, தேதி பாத்தேன், அதே புதங்கெழம. பலாப்பழத்த உரிச்ச கையில அந்த இனிப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், குத்தி வார துளி ரத்தத்துல அதுவும் கலந்துரும், மீட்டர் ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ணும். இத ஜப்பான்ல 2011லேயே ஆரஞ்சு, திராட்சை, கிவி பழம் உரிக்க வச்சு சோதிச்சுப் பாத்துட்டாங்க. ஸ்பிரிட் வச்சுத் தொடச்ச பொறவும் அளவு தாறுமாறா ஏறித்தான் காட்டிருக்கு, குழாத் தண்ணில கழுவுன பொறவுதான் சரியான அளவு வந்துருக்கு. சக்கைச் சுளை பிரிச்ச கைன்னா கேக்கவே வேண்டாம், எண்ணெய் தேச்சாத்தான் பிசுபிசுப்பு போகும். அந்த 280 ஊசியோட கணக்கு இல்ல, சக்கையோட கணக்கு.

கோட்டைவாசல் செல்வி:
நான் பாயாசம் வச்சத வேவு பாக்கதுதான் உங்க வேலையா. அத்தை சக்கை வெட்டுனது சுகர் பாத்ததுக்குப் பொறவு.

பழைய லேப்காரன்:
"காலையிலேயே"ன்னு எழுதிருக்க.

கோட்டைவாசல் செல்வி:
சுகர் பாத்தது அதுக்கும் முன்னாடி. 280ன்னா 280தான்.

அச்சன்கோவில் பஸ்:
அக்கா சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு. ஊசின்னாலே ஒடம்புக்கு வேற ஒரு பொருள் போகுது. 2021 ஏப்ரல்ல நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்ட ரெண்டாம் நாள் போனாரே, அத மறந்துட்டீங்களா. எங்க ஊர்ல அந்த வாரம் ஊசி முகாமுக்கு வந்த பாதிப் பேரு திரும்பிப் போய்ட்டாங்க.

சாரல்காத்து:
மறக்கல. அத விசாரிச்ச மத்திய அரசுக் குழு அதே வருசம் அக்டோபர்ல ஊசிக்கும் அவரு சாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லிட்டு. பயங்காட்டுன செய்தி எல்லாருக்கும் வந்து சேந்துச்சு, இந்தச் செய்தி யாருக்கும் வரல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

புனலூர்த் தமிழன்:
உங்க பக்கம் இப்படித்தான். இங்க கேரளாவுல ஆள்கள் டாக்டர் சொன்னா கேப்பாங்க. திருவிதாங்கூர்ல 1813லேயே ராணி கௌரி லட்சுமி பாயி காலத்துல அம்மைக்குக் குத்த ஆரம்பிச்சாச்சு. 200 வருசத்துப் பழக்கம் கேட்டோ.

பழைய லேப்காரன்:
ஓய் புனலூரு, பெரும பேசுததுக்கு முன்னாடி 2023ல வந்த ஐசிஎம்ஆர் கணக்கப் பாரும், அது மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேரளாவுல 25.5 சதவீதம் பேருக்குச் சுகர், தமிழ்நாட்டுல 14.4. நாலுல ஒருத்தருக்கு வியாதிய வச்சுக்கிட்டு என்ன பெரும. அதோட எங்க செங்கோட்டையும் அந்த ராணி காலத்துல திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1லதான் இந்தப் பக்கம் சேந்துச்சு, அப்பம் அந்த ராணி எங்களுக்குந்தான் ராணி.

புனலூர்த் தமிழன்:
சோதிச்சுப் பாக்கதாலதான் கணக்கு கூட வருது சாரே. நீங்க சோதிக்காம இருக்கீங்க.

பழைய லேப்காரன்:
அது ஆஸ்பத்திரிக்கு வந்தவன எண்ணுன கணக்கு இல்லவே, வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்தது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்தது. படிச்சுட்டு வாரும்.

அச்சன்கோவில் பஸ்:
செங்கோட்டைக்காரங்க கொரோனா ஊசி எதுக்குப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா. 2021 ஆகஸ்ட்ல கேரளாவுல இருந்து வாரவங்களுக்கு ரெண்டு ஊசி சர்டிபிகேட் இல்லன்னா டெஸ்ட் ரிசல்ட் வேணும்னாங்க, அப்பத்தான் எஸ்டேட் வேலைக்குப் போய் வாரவன் எல்லாம் வரிசையில நின்னான். புளியரை செக்போஸ்ட்டுக்காகப் போட்டது, வியாதிக்காக இல்ல.

சாரல்காத்து:
அது உண்மதான். ஆனா அதுக்கு முன்னாடியே மார்ச் 1ஆம் தேதி 60 வயசு தாண்டுனவங்களுக்கும், 45ல இருந்து 59 வரைக்கும் வேற வியாதி இருக்கவங்களுக்கும்னு ஆரம்பிச்சப்ப, அந்த வியாதி லிஸ்ட்ல பத்து வருசத்துக்கு மேல சுகரும், அதோட பிரஷருக்கு வைத்தியமும் இருக்கவங்களையும் சேத்துருந்தாங்க. டாக்டர் கையெழுத்து வாங்கிட்டுப் போகணும். எங்கப்பாவ அந்த முதல் வாரமே கூட்டிட்டுப் போனேன். வரிசையில எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு பெரியம்மா, "சுகர் இருக்கதால முதல்ல கூப்பிடுதாங்களே, நம்ம மேல சோதிச்சுப் பாக்காங்களோ"ன்னு என் கையப் பிடிச்சுக் கேட்டா. சுகர் இருந்தா வியாதி தாக்கும்போது வெள்ளையணு மந்தமா வேல செய்யும், அதனாலதான் முதல் ஆளாக் கூப்பிடுதாங்கன்னு அவகிட்ட ஒருத்தரும் சொல்லல. நான் சொன்னேன், பாதி நம்புனா, பாதி நம்பல, ஆனா போட்டுட்டா.

கோட்டைவாசல் செல்வி:
எல்லாரும் ஊரு கதைய பேசுதீங்க. 280க்குப் பதில் சொல்லுங்க.

பழைய லேப்காரன்:
சொல்லுதேன் கேளு. நீ சொன்ன மாதிரியே கை கழுவி, வெறும் வயித்துல எடுத்ததுன்னே வச்சுக்குவோம். ஊசி போட்டா ஒடம்பு கொஞ்சம் சூடாகும், கை வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாளு சில பேருக்குச் சுகர் கொஞ்சம் ஏறும், இத நான் இல்லன்னு சொல்லல. காய்ச்சல் வந்தாலும் ஏறும், பல்லு பிடுங்குனாலும் ஏறும், தூங்காட்டியும் ஏறும். பொறவு எறங்கிரும். மூணு மாசக் கணக்கு காட்டுத எச்பிஏ1சி எடுத்துப் பாத்தா அந்த ரெண்டு நாளு எங்க போச்சுன்னே தெரியாது. நெசமான ஃப்ளூ வந்தா ரெண்டு நாளுல முடியாது, சாரல்காத்து அப்பாவக் கேளு. ஃப்ளூ ஊசில இருக்கது செத்த கிருமி, அதுனால ஃப்ளூ வராது. போட்டு ரெண்டு வாரம் ஆகணும் பலன் கெடைக்க, அதுக்குள்ள வேற சளி பிடிச்சா ஊசியத் திட்டுதாங்க. கிருமி உருவம் மாத்திக்கிட்டே இருக்கும், அதனால உலக சுகாதார நிறுவனம் வருசத்துல ரெண்டு தடவ, பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும் உக்காந்து எந்தெந்த வகைய சேக்கணும்னு சொல்லுது, அதனாலதான் வருசாவருசம் போடணும். நமக்கு ஆனிச் சாரலும் உண்டு ஐப்பசி மழையும் உண்டு, அதுனால சாரலுக்கு முன்னாடி வைகாசிலயே போட்டுருங்கன்னு நான் லேப்ல வாரவங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். துருப்பிடிச்ச ஆணி குத்துனா ராத்திரி பத்து மணிக்கும் ஆஸ்பத்திரிக் கதவத் தட்டி டிடி போடுதீங்க, அதுவும் தடுப்பூசிதான், அன்னைக்கு ஒருத்தனும் மறுநாள் சுகர் பாக்கதில்ல. தெனம் ரெண்டு வேள இன்சுலின் குத்துதவன் வருசத்துக்கு ஒரு ஊசிக்குப் பயப்படுதான்.

அச்சன்கோவில் பஸ்:
எங்க சித்தப்பாவுக்குச் சுகர், போன வருசம் இடுப்பச் சுத்தி அக்கி வந்துச்சு. அதுக்கும் ஊசி இருக்காம், ரெண்டு தடவையாம், வெலையக் கேட்டா தலை சுத்துது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவியக் கொழச்சுச் சிங்கம் வரஞ்சு அக்கி எழுதுனோம், சரியாப் போச்சு. இதெல்லாம் உங்க லேப்ல தெரியுமா?

பழைய லேப்காரன்:
கொப்புளம் ரெண்டு மூணு வாரத்துல தானா காஞ்சுரும்வே, காவி எழுதுனாலும் எழுதாட்டியும். காஞ்ச பொறவு வார நரம்பு வலி இருக்கே, துணி உரசுனாலே உயிர் போகும், அதுக்கு எந்தச் சிங்கத்தையும் எழுத முடியாது. சித்தப்பா இப்பம் சட்டை போடுதாரா, துண்டுதான் போத்திருக்காரா?

அச்சன்கோவில் பஸ்:
அது வேற விசயம்.

பழைய லேப்காரன்:
துண்டுதான, தெரியும். போன வருசம் கருப்பட்டிக் காப்பி குடிச்சா சுகர் ஏறாதுன்னு நாப்பது பதிவு எழுதுன ஆள்தான நீரு.

அச்சன்கோவில் பஸ்:
கருப்பட்டிய இழுக்காதீங்க அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க எங்கப்பாவ அவமரியாதையாப் பேசுனத நான் மறக்கல.

சாரல்காத்து:
அந்தச் சண்டைய அங்கன வச்சுக்கோங்க. வெல விசயத்துல பஸ் சொல்லுதது சரிதான். ஃப்ளூ ஊசிக்கு நான் விசாரிச்ச கடையில ரெண்டாயிரத்துக்குப் பக்கத்துல கேட்டாங்க, நிமோனியா ஊசி அதுக்கும் மேல. குழந்தைக்கு நிமோனியா ஊசி சர்க்கார் அட்டையிலேயே இருக்கு, காசில்லாமப் போடுதாங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வார அக்கா எங்கம்மாவுக்குச் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசல்லயே தந்துட்டுப் போறாங்க, அந்தப் பையில ஊசி இல்ல. பேத்திக்குத் தடுப்பூசி அட்டை பத்திரமா பீரோவுல இருக்கு, ஆச்சிக்கு அப்படி ஒரு அட்டையே கெடையாது. போடாம இருக்கதுக்கு ஜனங்கள மட்டும் எப்படித் திட்ட.

புனலூர்த் தமிழன்:
இன்னொண்ணு யாரும் சொல்லல. மஞ்சக்காமாலை பி ஊசியும் சுகர்காரங்க போடணும். முகாம்ல விரல் குத்துத பேனாவ ஊசி மாத்தாம வரிசையா எல்லாருக்கும் குத்துனா அது பரவும். அமெரிக்காவுல 2011ல இதுக்காகவே சுகர் இருக்கவங்களுக்குன்னு தனியாச் சொன்னாங்க.

பழைய லேப்காரன்:
இதச் சரியாச் சொன்னீரு. ராணி கதைய விட்டுட்டு இத மொதல்லயே சொல்லிருக்கலாம்.

கோட்டைவாசல் செல்வி:
எல்லாரும் பேசி முடிச்சாச்சா. நான் ஒண்ணும் ஊசிக்கு எதிரி கெடையாது, என் பிள்ளைங்களுக்கு ஒரு ஊசி விட்டதில்ல. எங்க அத்தை அன்னைக்குப் பூரா கட்டில்ல உக்காந்து "எனக்கு என்னமும் ஆயிருமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன், நீங்களா இருந்தீங்க? அந்த 280 எனக்கு நம்பர் இல்ல.

சாரல்காத்து:
புரியுதுக்கா. எங்கப்பா பக்கத்துல 17 ராத்திரி நானும் முழிச்சிருந்தேன். அந்த வாய்ஸ மட்டும் எடுத்துருங்க, எங்கம்மா இன்னும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருக்கா.

கோட்டைவாசல் செல்வி:
எடுக்க மாட்டேன். நடந்ததத்தான் சொன்னேன்.

பழைய லேப்காரன்:
நடந்தது என்னன்னு இன்னும் தெரியலயே. அந்த ஸ்ட்ரிப் டப்பா எப்பம் தொறந்தது? மூடி சரியா மூடாம வச்சா சாரல் ஈரத்துல ஸ்ட்ரிப் கெட்டுப் போகும், அப்பம் 280ம் காட்டும் 80ம் காட்டும்.

கோட்டைவாசல் செல்வி:
மீட்டரும் ஸ்ட்ரிப்பும் எங்க அண்ணன் துபாய்ல இருந்து கொண்டு வந்தது. அதக் குறை சொல்லாதீங்க.

பழைய லேப்காரன்:
எந்த வருசம் கொண்டு வந்தாரு? டப்பாவுல தேதி இருக்கும், ஒரு போட்டோ எடுத்துப் போடு.

கோட்டைவாசல் செல்வி:
போட மாட்டேன்.