பழைய ஜெர்மானியச் சுவடிகள்: கண் எங்கே ஏமாறுகிறது, வேலைக்கு எது உதவுகிறது

பழைய ஆங்கிலக் காவியமான பெயோவுல்ஃபை அச்சுப் பதிப்பில் மட்டும் படித்தவருக்குச் சுவடிப் படத்தில் முதலில் இடிப்பது வரியமைப்பு. 3182 அடிகளும் உரைநடைபோல் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடுகின்றன. அடி பிரித்ததும் நெடிலுக்குக் கோடு போட்டதும் பதிப்பாசிரியர்கள்தான்.

அடுத்தது எழுத்து. செங்குத்துக் கோடு மேலும் கீழும் நீண்டு, வயிறு (பக்க வளைவு) நடுவில் இருந்தால் தார்ன் (þ, ‘th’ ஒலி). கோடு கீழே மட்டும் இறங்கி, உச்சியில் கூரான வயிறு மூடியிருந்தால் வின் (ƿ, ‘w’ ஒலி). அதே வயிறு உருண்டிருந்தால் பி (p). ஆர் (r), எஸ் (s) இரண்டின் காலும் வரிக்குக் கீழே இறங்கும்; ஆரின் தோள் (வலப்பக்க வளைவு) அடிவரியைத் தொட்டு எழும், எஸ்ஸின் தோள் தொடாது. 1780களில் ஐஸ்லாந்து அறிஞர் தோர்கெலினுக்காகப் படியெடுத்த எழுத்தருக்கு இந்த எழுத்துமுறை பழக்கமில்லை. அதனால் அவர் கண்ட வடிவத்தையே வரைந்தார். தார்னும் வின்னும் அவரிடம் குழம்புகின்றன. ஆனாலும் அந்தப் படி விலைமதிப்பற்றது. சுவடி இருந்த நூலகத்தில் 1731இல் பற்றிய தீயில் ஓரம் கருகிய ஏடுகள் பின்னர் உதிர்ந்தன. அப்போது போன பல எழுத்துகளுக்கு இன்று அந்தப் படி சாட்சி. 1845இல் ஏடுகளைக் காகிதச் சட்டத்தில் ஒட்டியபோது பின்பக்க ஓர எழுத்துகள் சில மறைந்தன. பெயோவுல்ஃப் ஆய்வாளர் கெவின் கீர்னன் பின்னொளி பாய்ச்சி அவற்றைப் படித்தார். ஆகவே ஓரத்துச் சொல் எதையும் சாதாரணப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

*

ஐஸ்லாந்துச் சுவடிகளில் தொல்லை வேறு: சுருக்கக் குறிகள். சுமார் 1270இல் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரேகியுஸ் என்ற பழம்பாடல் சுவடியில் மனிதன் என்ற சொல்லுக்கு ஒற்றை ரூன் எழுத்தே (பழைய ஜெர்மானிய எழுத்துமுறையின் எழுத்து) நிற்கும். எழுத்தின் மேலுள்ள நெளிவு ‘எர்’ ஆகவும் இருக்கலாம், ‘இர்’ ஆகவும் இருக்கலாம். எதை எழுதுவது? அதே எழுத்தர் அந்தச் சொல்லை வேறிடத்தில் முழுதாக எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். அந்த எழுத்துக்கூட்டையே பின்பற்றுங்கள். அகராதி வடிவத்தைப் போட்டால், எழுத்தரின் காலத்தையும் ஊரையும் காட்டும் தடயம் அழிந்துவிடும்.

படியெடுப்பதில் வரிசை முக்கியம். முதலில் சுவடியின் வரி முறிவோடு எழுத்துக்கு எழுத்து. பிறகு சுருக்கக் குறிகளை விரித்து, அப்படிச் சேர்த்த எழுத்துகளைச் சாய்வெழுத்தில். அதன் பின்னரே அச்சுப் பதிப்பைத் திறக்க வேண்டும். முன்பே திறந்தால், பதிப்பாசிரியர் திருத்திய சொல்தான் ஏட்டிலும் தெரியும்.

*

வேலை தேடுவோருக்கு ஒன்று. அமெரிக்க ஆங்கிலத் துறைகளில் பழைய ஆங்கிலத்துக்கென்றே தனிப் பதவி அரிது. இடைக்கால இலக்கியம் என்றுதான் விளம்பரம் வரும், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரையும் நடத்தத் தெரிய வேண்டும். ஜெர்மனியில் மைய ஹை ஜெர்மன் (இடைக்கால ஜெர்மன் மொழி) தெரியாமல் பழைய ஜெர்மன் இலக்கியத்துக்கான பதவியை நினைக்கவே முடியாது. அங்கே தற்காலிக ஒப்பந்தத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு: பொதுவாக முனைவர் பட்டத்துக்கு முன் 6 ஆண்டு, பின் 6 ஆண்டு. லத்தீனைத் தள்ளிப்போட வேண்டாம்; எழுத்தர்கள் அதில்தான் பயின்றார்கள், சுருக்கக் குறிகளில் பெரும்பகுதியும் அங்கிருந்து வந்ததுதான்.