கலைச்சொல்: சுண்ணாம்புக்கல்லின் ‘வக்’ – குழியா, பொந்தா?

மண்டபத்திலிருந்து:

சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் பாறைகளின் எண்ணெய்த்தேக்கச் சொற்பட்டியலில் ‘வக்’ (vug) இன்னும் தமிழாகவில்லை. பாறையின் மணியைவிடப் பெரிதாக, கண்ணுக்கே தெரியும் வெற்றிடம் அது. ‘குழி’ எனலாமா? தனுஷ்கோடி தேவாலயச் சுவரின் பவளக்கல்லைப் படமாகப் போட்டால் யாருக்கும் விளங்கும்.

தொண்டியிலிருந்து:

> ‘குழி’ எனலாமா?

வேண்டாம் ஐயா. குழி மேலே வாய் திறந்தது. இது பாறைக்குள்ளே அடங்கியிருக்கும். ‘துளை’யும் ஆகாது. பெரியபட்டினம், காஞ்சிரங்குடிப் பக்கம் எரிவாயு தரும் மணற்கல்லின் நுண்துளையோடு குழம்பும். ‘பொந்து’ பொருந்தும். பவளக்கல் படமும் வேண்டாம். அதன் ஓட்டைகள் பவளம் வளரும்போதே அமைந்தவை. வக் பெரும்பாலும் பின்னால் நீர் கரைத்து உண்டாக்கியது.

ஆனால் பொந்து என்ற ஒரு சொல் போதாது. கார்பனேட் பாறை வெற்றிடங்களுக்கான லூசியா வகைப்பாட்டில் உள்ளபடி, ஒன்றோடொன்று நேரே சேராத ‘தனிப்பொந்து’, சேர்ந்து வழியாகும் ‘தொடர்பொந்து’ என்று இரண்டு வேண்டும். கிணற்றின் தலையெழுத்தே அதில்தான்.

தனிப்பொந்து புரைமையை (பாறையில் வெற்றிடத்தின் பங்கு) கூட்டும், ஊடுபுகுதிறனை (திரவத்தை ஓடவிடும் தன்மை) அவ்வளவாகக் கூட்டாது. ஒலி லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி ஒலியலையால் எடுக்கும் அளவீடு) அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அடர்த்தி, நியூட்ரான் லாக்குகளைவிடப் புரைமையைக் குறைத்துக் காட்டும். இந்த வித்தியாசம்தான் முதல் துப்பு. பாறையின் மின்தடையிலிருந்து வெற்றிடத்தில் நீர் எவ்வளவு என்று கணக்கிடும் ஆர்ச்சி சமன்பாட்டில், புரைமையின் அடுக்குக்குறி ‘எம்’மை வழக்கம்போல 2 என்று வைத்து, 16% புரைமையுள்ள பாறையில் நீர் 32% என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பாறையின் உண்மையான எம் 3 என்றால் நீர் 80%. எண்ணெய் என்று நம்பித் திறந்தால் தண்ணீர்தான் கொட்டும்.

தொடர்பொந்து வேறு வகைத் தொல்லை. பிட் (துளையிடும் முனை) திடீரென்று இறங்கும், உள்ளே செலுத்தும் துரப்பணச் சேறு மேலே திரும்பி வராது. சேற்றுமட்டம் தாழ்ந்தால் கிணற்றடி அழுத்தம் குறைந்து எரிவாயு உள்ளே புகும். உற்பத்தியிலும் கீழ்நீர் அதே வழியாக முந்திக்கொண்டு ஏறும்.

இன்னொன்று: கோரிலிருந்து (கிணற்றில் வெட்டியெடுத்த பாறைத்தண்டு) குடைந்தெடுக்கும் ஒன்றரை அங்குலப் பிளக்கை வைத்துப் பொந்தை அளக்க முடியாது. பொந்து விழுந்த இடத்தில் பிளக் உடையும், கெட்டியான இடத்தில்தான் தேறும். முழுக் கோரையே அளக்க வேண்டும்.

மண்டபத்திலிருந்து:

பொந்துக்கு ஒப்புதல், இரண்டு பிரிவுகளையும் சேர்த்துவிடுகிறேன். அமிலம் செலுத்தும்போது பாறையில் உண்டாகும் கிளைவழிக்கும் ‘பொந்து’ என்றே போடலாமா?

தொண்டியிலிருந்து:

கூடாது, அது நாம் போடும் வழி. 15% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு கன மீட்டர், சுமார் 220 கிலோ சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். மெதுவாக அனுப்பினால் கிணற்றுச் சுவரை மட்டும் தின்றுவிட்டு நிற்கும். சரியான வேகத்தில் அனுப்பினால் நீளமாக உள்ளே ஓடும். அதற்கு ‘அமிலப்புழை’ என்று தனியே பதியுங்கள்.