7.7 அரிசாகா கூடு: கழுத்துத் தடிப்புக்கு என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய டைப் 99 ரைஃபிளுக்கான 7.7×58 அரிசாகா தோட்டாவின் பித்தளைக் கூடு (குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உறை) அமெரிக்காவிலும் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் .30-06 என்ற அமெரிக்கத் தோட்டாவின் கூட்டுக்கு மசகு தடவி 7.7 டையில் (கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) முழுதாக ஏற்றி, 63 மி.மீ. நீளத்தை 58-க்குள் வெட்டிப் பிசிறு எடுக்கிறேன். மசகு கூடினால் தோளில் (கூடு குறுகும் சரிவு) பள்ளம் விழும். குறைந்தால் கூடு டையிலேயே சிக்கிக்கொள்ளும்.

சிக்கல் கழுத்தில்தான் (குண்டைப் பிடிக்கும் குறுகிய முனை). பழைய தோள் புதுக் கழுத்தின் அடிக்கு வந்துவிடுவதால் உட்புறம் வளையமாகத் தடிக்கிறது. குண்டு வைத்தபின் கழுத்து, துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் சுவரில் இறுகினால், சுடும்போது குண்டை விடுவிக்க விரிய இடமிருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

இந்தத் தடிப்பை உள்ளே ரீமர் (துளையின் உட்புறத்தைச் செதுக்கும் கருவி) போட்டு எடுப்பதா, வெளிப்புறம் கடைவதா? கழுத்தைச் சூடாக்கி இளக்குவது டைக்கு முன்பா, பின்பா? (அடிப்பகுதி இளகாமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தித்தான் சூடு காட்டுகிறேன்.) டைப் 99 அறையை வார்ப்பெடுத்து அளந்தவர்கள் கழுத்து விட்டத்தையும் சொல்லுங்கள்.