ஃபாரஸ்ட் அக்கர்மன் வெறும் இதழாசிரியர்தானா?

கேள்வி:
'ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்' என்னும் திகில் திரைப்பட இதழுக்கு 1958 முதல் ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆசிரியராக இருந்த ஃபாரஸ்ட் அக்கர்மனைப் பற்றிப் படித்து வருகிறேன். அவரை இலக்கிய முகவர் (எழுத்தாளர்களின் படைப்புகளைப் பதிப்பாளர்களிடம் கொண்டுசேர்ப்பவர்) என்கிறார்கள், சேகரிப்பாளர் என்கிறார்கள், நடிகர் என்றும் எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று விளங்கவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அடிப்படையில் அவர் ரசிகர். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. 1916இல் பிறந்த அவர், ஒன்பது வயதில் கடையில் கண்ட 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழை வாங்கியதிலிருந்து அறிவியல் புனைகதையை விடவே இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரான ரே பிராட்பரியின் முதல் கதை 1938இல் வெளிவந்தது அக்கர்மன் நடத்திய ரசிகர் இதழில்தான். மறு ஆண்டு நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் செல்ல அந்த இளைஞருக்குப் பணம் கொடுத்து உதவியவரும் அவரே. எழுத்தாளர்களுக்கு முகவரானது இந்த உறவுகளின் நீட்சி என்றே நான் கருதுகிறேன். அறிவியல் புனைகதையை நாம் இன்று சுருக்கமாக 'சை-ஃபை' என்று சொல்வதும் 1950களில் அவர் பரப்பிய சொல்தான்.

பதில் 2:
திகில் இதழைத் தனியே பார்க்க வேண்டும். பதிப்பாளர் ஜேம்ஸ் வாரன் ஒரே ஓர் இதழாக நினைத்துத் தொடங்கியது அது. முதல் அட்டையில் ஃபிராங்கன்ஸ்டைன் முகமூடி அணிந்து நின்றவரும் வாரனே. அக்கர்மன் தம் சேகரிப்பிலிருந்த படக்காட்சிப் புகைப்படங்களை எடுத்து, சிலேடை நிறைந்த வரிகளை அவற்றின் கீழே எழுதினார். ஒப்பனைக் கலைஞர்கள் பெயரே தெரியாமல் மறைந்துபோன காலத்தில், ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் நடிகர் போரிஸ் கார்லாஃபின் முகத்தை அரக்கனாக்கிய ஜாக் பியர்ஸைச் சிறுவர்களுக்கு அறிமுகப்படுத்தியது இவ்விதழ். அதைப் படித்து வளர்ந்த ரிக் பேக்கர் பின்னாளில் ஒப்பனைக்காக ஆஸ்கர் பெற்றார். ஆசிரியப் பணியில் இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தோன்றவில்லை. நடிப்பைப் பொறுத்தவரை, பல படங்களில் சில நொடிகள் தலைகாட்டினார், அவ்வளவே.

பதில் 3:
சேகரிப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அவருடைய வீடு புத்தகங்களும் முகமூடிகளும் படப்பொருள்களும் நிறைந்த அருங்காட்சியகமாகவே விளங்கியது. சனிக்கிழமைகளில் யார் வந்தாலும் கட்டணமின்றி அழைத்துச் சென்று, டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியின் டிராகுலா மோதிரத்தைத் தம் விரலிலேயே காட்டுவார். முதுமையில் பெரும்பகுதியை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகும், எஞ்சியவற்றைக் காண வருவோருக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.